பொதுப்பெயரும் சிறப்புப்பெயரும்

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் தேவாரம். அதற்கு வடக்கே போடிநாயக்கனூர் உள்ளது. ஊரிலிருந்து மேற்கே நோக்கினால், மலை ஒரு மதில்போல் உயர்ந்து நிற்பதைக் காணலாம். அம்மலையின்மேல் ஏலம் மிகுதியாக விளைவதால் அது ஏலமலை எனப் பெயர் பெற்றது. அடிவாரத்துப் புன்செய்களில் சோளமும் கம்பும் விளையும். கிணற்றுநீர் பாயும் தோட்டங்களில் வாழையும் தென்னையும் செழித்திருக்கும். மலைமேல் ஏறிச் செல்வோர் காப்பிச் செடிகளையும், மரங்களைப் பற்றிப் படர்ந்த மிளகுக் கொடிகளையும் காண்பர். உயரே, பெருமரங்களின் நிழலில், ஈரம் உலராத மண்ணில் ஏலம் வளரும்.

அவ்வழியே செல்லும் உழவர் ஒருவரிடம் இவற்றின் பெயரைக் கேட்டால், கம்பம்பயிர், வாழைமரம், மிளகுக்கொடி, ஏலச்செடி, மூங்கிற்புதர் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்துச் சொல்லுவார். பயிர், மரம், கொடி, செடி, புதர் என்று ஐந்து சொற்கள் அவர் வாயில் இயல்பாக வரும். ஆங்கிலம் வழங்குவோரோ இவ்வனைத்தையும் ‘பிளாண்ட்’ என்னும் ஒரே சொல்லால் கூறிவிடுவர். ஆங்கிலத்திலும் மரத்திற்கும் கொடிக்கும் புதருக்கும் தனிச்சொற்கள் உண்டு. எனினும், அவற்றையெல்லாம் ஒருங்கே அடக்கும் எளிய சொல்லும் அம்மொழியின் அன்றாட வழக்கில் உள்ளது. தமிழில் தாவரம், நிலைத்திணை என்னும் சொற்கள் நூல்வழக்கில் உள்ளன. உழவர் பேச்சில் அவை மிகுதியாக வழங்குவதில்லை. உழவர் கூறியதும் பிழையன்று. ஆங்கிலேயர் கூறுவதும் பிழையன்று. ஒருவர் பொருள்களிடையே உள்ள வேற்றுமையைக் கண்டு பெயரிட்டார். மற்றவர் ஒற்றுமையைக் கண்டு பெயரிட்டார்.

பல பொருள்களை ஒருங்கே தழுவி நிற்கும் பெயர் பொதுப்பெயர் எனப்படும். அப்பொருள்களுள் ஒன்றை மட்டும் பிரித்துச் சுட்டும் பெயர் சிறப்புப்பெயர் எனப்படும். இவ்விரண்டும் ஏணிப்படிகளைப் போன்றவை. பலா என்பது சிறப்புப்பெயர். அதனை நோக்க மரம் என்பது பொதுப்பெயர். மரத்தை நோக்கத் தாவரம் என்பது பொதுப்பெயர். தாவரத்தை நோக்க உயிர் என்பது பொதுப்பெயர். ஆகவே, மரம் என்னும் சொல் பலாவிற்கு மேற்படியாகவும், தாவரத்திற்குக் கீழ்ப்படியாகவும் நிற்கின்றது. மேலே செல்லச் செல்லப் பெயருள் அடங்கும் பொருள்கள் பெருகும். அப்பொருள்களைப் பற்றி நாம் பெறும் செய்தியோ குறையும். ‘அங்கே ஒரு பலா நிற்கின்றது’ என்றால் கேட்பவன் இலையையும் காயையும் மனக்கண்ணால் காண்பான். ‘அங்கே ஓர் உயிர் நிற்கின்றது’ என்றால் அவன் எதனைக் காண்பான்?

பொதுப்பெயர் இல்லையாயின் மொழி இயங்காது. உலகிலுள்ள ஒவ்வொரு மரத்திற்கும் தனித்தனிப் பெயரிட்டு, ‘மரம்’ என்னும் சொல்லே இல்லாதிருந்தால், ‘மரங்களை வெட்டாதீர்’ என்று அறிவுரை கூற இயலுமா? கடைக்காரர் கணக்கு எழுதுவதற்கும், அரசு சட்டம் இயற்றுவதற்கும், ஆசிரியர் பாடம் கற்பிப்பதற்கும் பொதுப்பெயர்கள் வேண்டும். எண்ணற்ற பொருள்களைச் சில பெட்டிகளில் அடுக்கி வைத்தாற்போல அவை அறிவை ஒழுங்குபடுத்துகின்றன.

பொதுப்பெயர் வேறு, பலபொருள் குறிக்கும் ஒருசொல் வேறு. ஏலம் என்பது ஒரு மணப்பொருளின் பெயர். பலர் கூடி விலை கூறிப் பொருள் வாங்கும் முறைக்கும் ஏலம் என்றே பெயர். இப்பிற்சொல் போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. போடிநாயக்கனூரில் ஏலம் ஏலத்திற்கு வருகின்றது. தேவாரம் என்பது ஊரின் பெயர். சைவத் திருப்பாடல்களின் பெயரும் அதுவே. இவ்விடங்களில் ஒலி ஒன்றேயன்றிப் பொருள்களிடையே உறவு இல்லை. பொதுப்பெயருள் அடங்கும் பொருள்களுக்கோ ஏதேனும் ஒரு பண்பு பொதுவாய் இருத்தல் வேண்டும்.

இனி, ஆங்கில அகராதிகள் சொற்களுக்குப் பொருள் கூறும் முறையைக் காண்போம். அம்முறையில் இரண்டு பகுதிகள் உண்டு. பொருள் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை உணர்த்தும் பொதுப்பெயர் ஒன்று. அவ்வினத்திலுள்ள பிறவற்றினின்று அதனைப் பிரித்துக் காட்டும் சிறப்பியல்பு மற்றொன்று. நாற்காலி எது என்று வினவினால், முதற்கண் அஃது ஓர் இருக்கை என்று இனத்தைக் கூறுவர். பின்னர், முதுகைச் சாய்த்துக்கொள்ளும் பகுதியை உடையது, ஒருவர் அமர்தற்கு ஏற்றது என்று வேறுபாட்டைக் கூறுவர். பண்டைக் கிரேக்க நாட்டில் கி. மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அரிஸ்டாட்டில் இம்முறையை விளக்கியுள்ளார்.

இதில் இரு மொழிகளின் இயல்பும் வேறுபடுதல் அறியத்தக்கது. ஆங்கிலத்தில் பொதுப்பெயர் முன்னே வரும். அதனைச் சுருக்கும் அடைமொழித் தொடர் பின்னே வரும். தமிழிலோ அடைகள் யாவும் முன்னே நின்று பொருளைச் சிறிது சிறிதாகச் சுருக்கிக்கொண்டு வர, பொதுப்பெயர் இறுதியில் வந்து முடியும். ‘மலைநிலத்து நிழலில் வளர்வதும், மணமிக்க விதைகளுக்காகப் பயிரிடப்படுவதுமாகிய, இஞ்சிக் குடும்பத்துச் செடி ஏலம்’ என்பது தமிழ் நடை. இதே கருத்தை ஆங்கிலத்தில் எழுதும் மாணவன் செடியென்னும் சொல்லை முன்வைத்துத் தொடங்க வேண்டும். இவ்வேறுபாட்டை உணராதவர் ஒரு மொழியின் நடையை மற்றொரு மொழியில் புகுத்தி இடர்ப்படுவர்.

பொதுப்பெயரைக் கூறிய அளவில் பொருள் விளங்கிவிட்டது என்று எண்ணுதல் பிழை. ‘ஏலம் ஒரு தாவரம்’ என்னும் தொடரில் பொய் இல்லை. ஆயினும் அதனால் ஏலத்தை அறிந்தவர் எவரும் இலர். புல்லும் தாவரமே, ஆலமரமும் தாவரமே. வேறுபாட்டைக் கூறும்போதும் விழிப்பு வேண்டும். ‘பசு என்பது கொம்புள்ள விலங்கு’ என்றால் எருமையும் ஆடும் அதனுள் புகுந்துவிடும். ‘பசு என்பது கபில நிறமுள்ள விலங்கு’ என்றால் வெள்ளைப் பசுவும் கறுப்புப் பசுவும் வெளியே நின்றுவிடும். முன்னதை அதிவியாத்தி என்றும், பின்னதை அவ்வியாத்தி என்றும் தருக்க நூலார் கூறுவர். அடங்கத் தகாதது அடங்குதல் ஒரு குற்றம். அடங்க வேண்டியது விடுபடுதல் மற்றொரு குற்றம்.

பொருள்களை இனம் பிரித்துப் பெயரிடும் முறை தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அவற்றின் அறிவைக் கொண்டு ஆறு வகையாகப் பிரித்துள்ளார். தொடு உணர்வு மட்டும் உடைய புல்லும் மரமும் ஓரறிவுயிர்கள். நத்தை ஈரறிவுயிர், எறும்பு மூவறிவுயிர், நண்டும் தும்பியும் நான்கறிவுயிர்கள், விலங்குகள் ஐயறிவுயிர்கள், மக்கள் ஆறறிவுயிர். மேலும் அவர், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுத்தார். வயிரம் என்பது தண்டின் உறுதியான பகுதி. அவர் வகுத்த நெறியால் பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினத்தில் சேரும். உயர்ந்து நிற்பதெல்லாம் மரம் என்று எண்ணும் நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். மூங்கில் புல்லின் குடும்பத்தைச் சேர்ந்தது என்றே இக்காலத் தாவர நூலாரும் கூறுகின்றனர். பனையும் தென்னையும் புல்லைப் போல ஒருவித்திலைத் தாவரங்களே. புறத்தோற்றத்தில் மயங்காமல் உள்ளமைப்பை நோக்கி இனம் வகுத்த நுட்பம் போற்றத்தக்கது.

இனம் வகுத்ததோடு தொல்காப்பியர் நின்றுவிடவில்லை. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை முதலியன புல்லின் உறுப்புகளுக்குரிய பெயர்கள். இலை, தளிர், அரும்பு, நனை முதலியன மரத்தின் உறுப்புகளுக்குரிய பெயர்கள் என்று வழக்கையும் வரையறுத்தார். இன்றும் தென்னையோலை என்கின்றோமேயன்றித் தென்னையிலை என்பதில்லை.

தமிழில் தோன்றிய நிகண்டுகளும் இந்நெறியைப் பின்பற்றின. திவாகரம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் பன்னிரண்டு தொகுதிகளை உடையவை. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகையால் சொற்கள் அவற்றில் தொகுக்கப்பட்டுள்ளன. ஒருசொல் பலபொருள் குறிப்பதற்குப் பதினொன்றாம் தொகுதியும், பலபொருட் கூட்டத்துக்கு ஒருபெயர் வழங்குவதற்குப் பன்னிரண்டாம் தொகுதியும் உரியவை. ஆங்கிலத்தில் பொருள்வகையால் சொற்களைத் தொகுத்த பெரும் புகழ்பெற்ற நூலைப் பீட்டர் மார்க் ரோஜே 1852-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நம் நிகண்டுகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை.

தமிழர் தொகைப்பெயர் அமைக்கும் முறையில் மற்றொரு சிறப்பும் உண்டு. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றையும் திரிகடுகம் என்பர். மா, பலா, வாழை ஆகிய மூன்றின் கனிகளையும் முக்கனி என்பர். அறுசுவை, ஐந்திணை, நவதானியம் என்பனவும் இத்தகையவே. இப்பெயர்களில் எண்ணும் அடங்கியிருப்பதால், உள்ளே இருப்பவை எவை என்பதில் ஐயம் இல்லை. ‘கனி’ என்பது திறந்த வாயில். புதிய கனி ஒன்று வந்தால் அதுவும் உள்ளே புகும். ‘முக்கனி’ என்பது மூடிய பேழை. நான்காவது கனிக்கு அங்கே இடமில்லை.

ஒரு மொழியின் சொல்லெல்லை மற்றொரு மொழியின் சொல்லெல்லையோடு பொருந்தும் என்று கொள்ளலாகாது. வயலில் நிற்கும் நெல்லையும், உமி நீக்கிய அரிசியையும், உலையில் வெந்த சோற்றையும் ஆங்கிலத்தில் ‘ரைஸ்’ என்னும் ஒரு சொல்லாலேயே குறிப்பதுண்டு. பெரியப்பா, சித்தப்பா, மாமா ஆகிய மூவரும் அம்மொழியில் ‘அங்கிள்’ ஆவர். பெரியப்பா மகளும் மாமன் மகளும் ‘கஸின்’ என்னும் ஒரே பெயரில் அடங்குவர். தமிழ்க் குடும்பத்திலோ முன்னவள் உடன்பிறந்தாளாக மதிக்கப்படுபவள்; பின்னவள் முறைப்பெண். மொழிபெயர்ப்போர் ‘கஸின்’ என்னும் சொல்லைக் கண்டதும் உறவுமுறையை ஆராயாமல் எழுதிவிட்டால் கதையே மாறிப்போகும்.

இதனால் ஆங்கிலம் வறியது என்று முடிவு செய்தல் தகாது. தமிழில் மாடு என்னும் சொல் பசுவையும் காளையையும் எருதையும் ஒருங்கே தழுவும். ‘ஒரு மாடு வந்தது’ என்று நாம் எளிதாகக் கூறுகின்றோம். அவ்வாறு பால் வேறுபாடு நோக்காமல் ஒன்றை மட்டும் சுட்டும் எளிய பொதுச்சொல் ஆங்கிலத்தில் இல்லை. தேவாரம் பக்கத்தில் ஒருவர் ‘காட்டுக்குப் போகின்றேன்’ என்றால், அவர் புலி வாழும் வனத்திற்குப் போகின்றார் என்பது பொருளன்று. மழையை நம்பி விளையும் தம் புன்செய் நிலத்திற்குச் செல்கின்றார் என்பதே பொருள். கிணற்றுப் பாசனம் உள்ள நிலமாயின் அதனைத் தோட்டம் என்பார். இக்காட்டை ‘பாரஸ்ட்’ என்று மொழிபெயர்த்தால், கம்பு விதைக்கச் சென்ற உழவர் வேட்டைக்குச் சென்றவர் ஆகிவிடுவார்.

ஏலமலைச் சரிவுகளில் விளையும் மணப்பொருள்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்களும் நல்லதோர் எடுத்துக்காட்டு ஆகும். மணமும் காரமும் உடைய சரக்குகளை ‘ஸ்பைஸ்’ என்னும் பெயரால் ஆங்கிலேயர் குறிப்பர். இச்சொல் இலத்தீன் மொழியில் ‘வகை’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. வகைவகையான வணிகச் சரக்கு என்னும் பொருளில் வழங்கி, நாளடைவில் மணச்சரக்கை மட்டும் குறிப்பதாயிற்று. தாவர நூலார் ஓரினத்தைக் குறிக்க வழங்கும் ‘ஸ்பீஷீஸ்’ என்னும் சொல்லும் அதே மூலத்தினின்று வந்ததே. எல்லாச் சரக்கையும் குறித்த சொல் சில சரக்குகளுக்கே உரியதாய்ச் சுருங்கிய வரலாறு இது.

சுருங்கியபின்னும் அப்பெயர் பரந்ததாகவே உள்ளது. இந்திய அரசு 1986-ஆம் ஆண்டில் இயற்றிய நறுமணப்பொருள் வாரியச் சட்டத்தின் அட்டவணையில் 52 பொருள்கள் உள்ளன. அவற்றுள் கறிவேப்பிலை இலை, இலவங்கப்பட்டை மரப்பட்டை, இஞ்சி நிலத்தடித் தண்டு, கிராம்பு மொட்டு, பெருங்காயம் பிசின், கடுகு விதை. குங்குமப்பூ என்பதோ மலரினுள் உள்ள சூல்முடி. உறுப்பாலும் குடும்பத்தாலும் வேறுபட்ட இவற்றை ஒரே பெயரில் சேர்ப்பது எது? உணவுக்கு மணமும் சுவையும் ஊட்டும் பயனே சேர்க்கின்றது. எனவே, பொதுப்பெயர்கள் சில பொருளின் அமைப்பு நோக்கியும், சில அதன் பயன் நோக்கியும் பிறக்கின்றன என்பது பெறப்படும்.

பொதுப்பெயர் மயக்கம் விளைத்த வரலாறும் உண்டு. ஆங்கிலத்தில் ‘பெப்பர்’ என்னும் சொல் வடமொழியில் திப்பிலியைக் குறிக்கும் ‘பிப்பலி’ என்னும் சொல்லிலிருந்து கிரேக்கம், இலத்தீன் வழியாகச் சென்றது. அச்சொல்லை மிளகுக்கும் வழங்கினர். கொலம்பசு 1492-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கரையை அடைந்தபின், அங்கு விளைந்த மிளகாயும் காரம் உடைத்தாதல் பற்றி அதே பெயரைப் பெற்றது. திப்பிலியும் மிளகும் ஒரு குடும்பத்தவை. மிளகாயோ கத்தரிக்காயின் குடும்பத்தது. தமிழர் மிளகின் பெயரோடு ‘காய்’ என்பதைச் சேர்த்து மிளகாய் எனப் புதுப்பெயர் படைத்தனர். அதனால் காரத்தின் ஒற்றுமையும் விளங்கிற்று, பொருளின் வேற்றுமையும் விளங்கிற்று.

தமிழ்ச்சொல் ஒன்று ஆங்கிலத்தில் பொதுப்பெயரான கதையும் உண்டு. சங்க காலத்தில் கறி என்பது மிளகின் பெயர். பின்னர் அஃது உணவோடு சேர்த்து உண்ணும் தொடுகறிகளுக்கு ஆயிற்று. அச்சொல்லே ஆங்கிலத்தில் ‘கறி’ எனப் புகுந்து, குழம்பு, கூட்டு, குருமா முதலிய பலவற்றையும் வேறுபாடின்றிக் குறிக்கும் பெயராய் விரிந்தது. மிளகெனும் சிறுமணியைக் குறித்த பெயர் ஒரு நாட்டின் சமையல் முழுமைக்கும் பெயராயிற்று.

ஏலத்திற்கு வருவோம். இதனை ஆங்கிலத்தில் ‘கார்டமம்’ என்பர். ஆனால் சிக்கிம், நேபாளம் ஆகிய பகுதிகளில் விளையும் பேரேலமும் அப்பெயரையே பெறுகின்றது. அதன் காய் பெரியது, கருமை கலந்த பழுப்பு நிறமுடையது, புகைமணம் கமழ்வது. அதுவும் மலைநிலத்து நிழலில் வளர்வதே, மணமுள்ள விதைக்காகப் பயிரிடப்படுவதே, இஞ்சிக் குடும்பத்ததே. முன்னர் ஏலத்திற்குக் கூறிய வரையறை பேரேலத்திற்கும் பொருந்திவிடுவதைக் காண்க. ஆதலால், ‘பசுங்காயையுடைய சிற்றேலம்’ என்று மேலும் ஒரு வேறுபாட்டைச் சேர்த்தாலன்றி வரையறை நிரம்பாது. நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறும் இடங்களுள் போடிநாயக்கனூரும் ஒன்று. அச்சந்தையில் ஏலம் என்று மட்டும் கூறி வணிகம் செய்தல் இயலாது. காயின் பருமன், நிறம், எடை முதலியவற்றை நோக்கித் தரம் பிரிப்பர். ஏழு மில்லிமீட்டர்க் காய்க்கு ஒரு விலை; ஐந்து மில்லிமீட்டர்க் காய்க்கு வேறு விலை. பொதுப்பெயரோடு நின்றுவிட்டால் நல்ல காயை விளைவித்தவனுக்கே இழப்பு நேரும்.

பெயர்வகை பற்றிய ஆராய்ச்சி புலவர்க்கு மட்டும் உரியது என்று கருதவேண்டா. அமெரிக்க நாட்டில் 1883-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இறக்குமதியாகும் காய்கறிக்கு வரி உண்டு. பழத்திற்கு வரி இல்லை. தக்காளி காய்கறியா, பழமா என்னும் வழக்கு எழுந்தது. விதையைத் தாங்கி நிற்றலால் தாவர நூல் நோக்கில் அது பழமே. எனினும், மக்கள் அதனை உணவோடு சமைத்து உண்பதாலும், வழக்கில் காய்கறியாகவே கொள்வதாலும், அது காய்கறியே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1893-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. வணிகர் வரி செலுத்த நேர்ந்தது. ஒரு பொருள் எப்பெயருள் அடங்கும் என்பது பொருளை மட்டும் பொறுத்ததன்று. பெயரிடுவோரின் நோக்கத்தையும் பொறுத்தது என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டுப் புன்செய்ப் பயிர்களுக்கும் இத்தகைய நிலை நேர்ந்தது. கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகிய தானியங்களை ஆங்கிலத்தில் ‘மில்லட்’ என்னும் ஒரு பெயரால் வழங்குவர். அரசு அறிக்கைகளில் இவை நெடுங்காலம் ‘பரும்படித் தானியங்கள்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரால் குறிக்கப்பட்டன. நெல்லும் கோதுமையும் மென்மையானவை. மற்றவை தாழ்ந்தவை என்னும் எண்ணத்தை அப்பெயர் வளர்த்தது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதையும், கம்பு குறைந்த மழையிலும் விளையும் என்பதையும் அப்பெயர் மறைத்தது. 2018-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவற்றை ‘ஊட்டத் தானியங்கள்’ என்று அறிவித்தது. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. தானியம் மாறவில்லை, பெயர் மாறியது, பெயரோடு மதிப்பும் மாறலாயிற்று. எனினும், புதுப்பெயரும் பொதுப்பெயரே. எப்பயிர் எம்மண்ணுக்கு ஏற்றது என்பதை அறிய விரும்புவோர் கம்பு, தினை, சாமை என்னும் சிறப்புப்பெயர்களுக்குத் திரும்பியே ஆக வேண்டும்.

காடு என்னும் பெயர் பற்றியும் வழக்கு எழுந்தது. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியில் காடு அழிவதைத் தடுக்க வேண்டி, நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் அந்நீதிமன்றம், காடு என்னும் சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருளையே கொள்ள வேண்டும். நிலம் எவருடையது என்பதை நோக்க வேண்டா என்று ஆணையிட்டது. ஓர் அகராதிச் சொல் நாடு முழுவதிலுமுள்ள மலைச்சரிவுகளைக் காக்கும் அரணாயிற்று. ஏலமோ காட்டு மரங்களின் நிழலிலேயே வளர்வது. அது விளையும் இடம் காடா, தோட்டமா? ஏலமலைக் காப்புப் பகுதி பற்றிய இவ்வினா நீதிமன்றம்வரை சென்றுள்ளது. சொல்லின் எல்லை மிகக் குறுகினால் நிழல்தரும் மரங்களுக்குக் கேடு வரும். மிக விரிந்தால் தலைமுறை தலைமுறையாக உழைத்து வாழ்வோர்க்கு இடர் வரும். சொல்லின் எல்லையை வகுத்தல் எத்துணைப் பொறுப்புடைய செயல் என்பதை இது காட்டும்.

அங்ஙனமாயின், பொதுப்பெயரை விலக்கிவிடலாமா? விலக்க வேண்டா; சிறப்புப்பெயரோடு சேர்த்து வழங்குதலே தக்கது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு தாவரத்திற்கும் இரு சொற்களாலாகிய பெயரை இட்டார். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாம் சொல் அப்பேரினத்துள் ஒன்றைப் பிரித்துக் காட்டும். பொதுப்பெயரும் சிறப்புப்பெயரும் அங்கே இணைபிரியாத் தோழர்களாய் நிற்கின்றன. சிற்றேலத்தின் பெயர் ‘எலெட்டேரியா கார்டமோமம்’ என்பது. இதன் முதற்சொல், மலையாள நாட்டில் ஏலத்துக்கு வழங்கிய ‘ஏலத்தரி’ என்னும் பெயரிலிருந்து வந்தது. டச்சு ஆளுநர் வான் ரீடு என்பவர் கேரளத் தாவரங்களைப் பற்றித் தொகுத்து, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த நூலில் அப்பெயர் இடம்பெற்றது. அத்தொகுப்புக்குப் பெருந்துணை புரிந்தவர் இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர். இம்மலைநாட்டு மக்களின் வாய்ச்சொல் உலகத்து அறிஞர் அனைவரும் வழங்கும் பேரினப் பெயராயிற்று.

ஆங்கிலம் பயிலும் மாணவர் ஒரு பொதுச்சொல்லைக் காணுந்தோறும் இரு வினாக்களை எழுப்புதல் வேண்டும். ‘இப்பெயருள் எவை அடங்கும்? எவை அடங்கா?’ என்பன அவை. இவ்வினாக்களுக்கு விடை கண்டபின்னரே அச்சொல் அவருக்கு உரிமையாகும். தம் தாய்மொழியில் அதற்கு நேரான சொல்லைத் தேடும்போதும், அகராதியில் முதலில் நிற்கும் சொல்லோடு அமைந்துவிடாமல், இடத்திற்கும் பொருளுக்கும் ஏற்ற சொல்லை ஆராய்ந்து கொள்ளுதல் வேண்டும்.

மாலைப்பொழுதில் ஏலத்தோட்ட வேலை முடிந்து மலையிலிருந்து இறங்கி வருவோரைத் தேவாரத்தில் காணலாம். ‘தொழிலாளர்’ என்னும் ஒரு சொல் அவர்கள் அனைவரையும் அடக்கிவிடும். ஆயினும், அவர்களுள் ஒருத்தி காய் பறிப்பதில் கைதேர்ந்தவள்; ஒருவர் காயை உலர்த்தும் பக்குவம் அறிந்தவர்; மற்றொருவர் நிழல்மரத்தின் கிளையை அளவறிந்து கழிப்பவர். பொதுப்பெயர் அவர்களை ஒன்று சேர்க்கின்றது. சிறப்புப்பெயரே ஒவ்வொருவரையும் இன்னார் என்று அறியச் செய்கின்றது. ஒற்றுமையைக் காண்பதற்குப் பொதுப்பெயர் வேண்டும். உண்மையைக் காண்பதற்குச் சிறப்புப்பெயரும் வேண்டும். இரண்டையும் இடமறிந்து வழங்குவோரே சொல்லின் பயன் அறிந்தவர் ஆவர்.